திரும்பி வராதது

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. சீடர் ஞானதுரை ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். குரு ஷமீமா அவரிடமே டிப்ளமா படித்தவர். இப்போது அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. காலம் யாரைக் கேட்டு பெஞ்சை மாற்றிப் போடுகிறது?

மத்தியானம் மூன்று மணிக்கு ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் குழு கூடுகிறது. ஞானதுரை வடிவமைத்த ஆன்டெனாவின் கெயின், அதாவது அலை வெளியே எவ்வளவு பலமாகப் போகிறது என்ற அளவு, ஆறு வர வேண்டும். வராவிட்டால் ஐந்து வருட ஆராய்ச்சிப் பதிவு ரத்து. கம்ப்யூட்டரோ ஒன்றரைக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஞானதுரைக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரமாக இதே கூத்துதான். ஆன்டெனாத் தகட்டுக்குக் கீழிருந்து சக்தியை ஊட்டும் ஊசியைத் திரையில் அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம் தள்ளுவார், கணக்கை ஓடவிடுவார். அந்தப் பக்கம் தள்ளுவார், மறுபடி ஓடவிடுவார். காலையில் வாங்கிய டீ ஆடை படிந்து கிடந்தது.

“அனுப்பின சக்தியில ஆயிரத்துல ஒரு பங்குகூடத் திரும்பி வரலை மேடம். அப்படின்னா எல்லாம் வெளியே போய்ச் சேர்ந்திருக்கணும்தானே?”

ஷமீமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வகுப்பு மாதிரி வெச்சுக்கங்களேன். இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தர் எழுந்து சந்தேகம் கேட்டதில்லை. அவ்வளவு தெளிவா நடத்துவேன்.”

ஷமீமா எழுந்துபோய், ஜன்னலோரம் காய்ந்து கிடந்த மணி பிளான்ட் தொட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். தன் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினார்.

“மேலே வழிஞ்சுதா சார்?”

“இல்லை.”

“கீழே தட்டுல?”

ஞானதுரை குனிந்து பார்த்தார். “சொட்டுகூட இல்லை. மூணு மணிக்கு ரிவ்யூ வெச்சுக்கிட்டு நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களே மேடம்.”

“தண்ணி எங்கே போச்சு?”

“எங்கே போகும், மண்ணு குடிச்சிருக்கும்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கை மவுஸுக்குப் போய்விட்டது. தகடு உட்கார்ந்திருக்கும் பலகையின் விவரத்தைத் திறந்தார். பலகை எவ்வளவு சக்தியைக் குடிக்கும் என்ற கட்டத்தில் 0.002 இருக்க வேண்டும், 0.02 இருந்தது. ஒரு பூஜ்ஜியத்தை விட்டிருக்கிறார். அனுப்பியதில் பெரும்பங்கைப் பலகையே தின்று வெப்பமாக்கிவிட்டது. அந்தத் தப்புக்குப் பொருந்துகிற மாதிரிதான் ஒரு வாரமாக ஊசியை நகர்த்தியிருக்கிறார், பாவம்.

பூஜ்ஜியத்தைப் போட்டதும் ஊசியின் பழைய பொருத்தம் கெட்டது. வியர்க்க வியர்க்க ஊசியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடவிட்டார். மணி இரண்டேகால். கெயின் ஆறு புள்ளி மூன்று.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“பலகை சக்தியைக் குடிக்கும்கிறது நான் உங்களுக்கே நடத்தின பாடம் மேடம். நீங்க முன் பெஞ்சுல உக்காந்திருப்பீங்க, ஞாபகம் இருக்கு.”

ஷமீமா தொட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

“முன் பெஞ்சுதான் சார். நானும் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை,” என்றார். “அந்தப் பாடத்துல எனக்கு அரியர்.”