இருளாயியோட தோசைக்கல்

"முதல் தோசை இருக்கே மாப்ளே, அதை மட்டும்..."

கல்யாணத்தன்னைக்கு இரும்புத் தோசைக்கல்லைக் கையில குடுத்து மாமியார் சொன்ன பேச்சு இது. அதை மட்டும் என்ன செய்யணும்? வெள்ளையனுக்கு மிச்சம் ஞாபகத்துல இல்லை. பக்கத்துல பொண்ணு நிக்கும்போது எந்த மாப்பிள்ளைக்கு மாமியார் பேச்சு காதுல ஏறும், நீங்களே சொல்லுங்க.

ஒரு ஊர்ல நாலு பாதை கூடுற இடத்துல ஒரு புங்கமரம். அதுக்கடியில வெள்ளையனும் அவர் பொஞ்சாதி இருளாயியும் தோசைக்கடை வச்சிருந்தாங்க. கடைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு அடுப்பு, ஒரு மாவுப்பானை, அந்தக் கல்லு, அவ்வளவுதான். விடிஞ்சதும் வெள்ளையனுக்குத்தான் முதல்ல இலை போடுவா இருளாயி. நிலா மாதிரி வட்டமா, ஓரம் முறுகலா ஒரு தோசை வரும். தின்னுட்டு அவர் பாட்டுக்கு விறகு பொளக்கப் போயிருவாரு.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல இருளாயி போய்ச் சேந்துட்டா. வெள்ளையன் தானே அடுப்பை மூட்டி, தானே மாவை ஊத்தினாரு. தோசை கல்லைப் புடிச்சுக்கிட்டுப் பிஞ்சு பிஞ்சு வந்துச்சு. ரெண்டாவது ஊத்தினாரு, நிலா மாதிரி வந்துச்சு. மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். கல்லு பதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பிஞ்சுபோற தோசையை இத்தனை காலமும் அவ சத்தமில்லாமத் தின்னுட்டு, ரெண்டாவதைத்தான் நமக்கு வச்சிருக்கான்னு அப்பத்தான் அவருக்கு விளங்குச்சு. அன்னையிலேருந்து பிஞ்ச தோசையை அவரே தின்னாரு. தின்னும்போது அவ பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரு குறை. எல்லாச் சாமானும் பத்துப் பத்தா இருந்ததால எதுமேலயும் பாசம் ஒட்டலை. அதனால ஊர் ஊராப் போய், உனக்கு உசிரான பொருள் எதுன்னு கேப்பாரு, கேட்டுட்டு அதையே எடுத்துக்குவாரு, பதிலுக்குத் தங்கக்காசு குடுப்பாரு. ஆடு மேய்க்கிறவரோட கம்பை எடுத்தாரு. ஒரு சின்னப்பொண்ணு போத்திக்கிட்டுத் தூங்குற, செத்துப்போன அவ அம்மாவோட பழஞ்சேலையை எடுத்தாரு. கடைசியில வெள்ளையனோட கல்லையும் எடுத்தாரு.

அரண்மனையில ஒரு வழக்கம். வெளியிலேருந்து எது வந்தாலும் சுத்தம் பண்ணாம உள்ள விடமாட்டாங்க. கம்பை இழைச்சுப் பளபளன்னு ஆக்கினாங்க. சேலையை உவர்மண் போட்டு வெளுத்தாங்க. கல்லைப் புளியும் சாம்பலும் செங்கப்பொடியும் போட்டு, முகம் தெரியிற மாதிரி தேய்ச்சுட்டாங்க.

ராசா அந்தக் கல்லுல தோசை ஊத்தச் சொன்னாரு. பிஞ்சுச்சு. இன்னொண்ணு ஊத்தச் சொன்னாரு, அதுவும் பிஞ்சுச்சு. மூணாவதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருந்துச்சு. ராசாவுக்கு வந்துச்சே கோவம். வேற கல்லைக் குடுத்து ஏமாத்திட்டான் கிழவன், இழுத்துட்டு வாங்கடான்னாரு.

வெள்ளையன் வந்தாரு. கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. விளிம்புல இருளாயி கரண்டியால தட்டித் தட்டி விழுந்த சின்னப் பள்ளத்தை விரல் கண்டுபிடிச்சுச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"கல்லு என் கல்லுதான் மகாராசா. இருளாயிதான் இதுல இல்லை."

"யாரு இருளாயி?"

வெள்ளையன் சொன்னாரு. தினமும் பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில தொட்டு அவ தேய்ச்சது, அந்த எண்ணெய் ஏறி ஏறிக் கல்லு கறுத்தது, பிஞ்ச தோசையை அவ தின்னது, எல்லாத்தையும் சொன்னாரு. "உங்க ஆளுங்க அதை அழுக்குன்னு நினைச்சுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, பாக்க அழுக்கு மாதிரிதான் இருக்கும்."

சேலையை வாங்கும்போது அந்தச் சின்னப்பொண்ணு விடாம முகத்துல வச்சு மோந்துக்கிட்டே இருந்தது ராசாவுக்கு இப்ப ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுங்கன்னுட்டாரு. மந்திரி மட்டும், பெரியவருக்குத் தங்கத்துலயே ஒரு கல்லு செஞ்சு தந்துருவோமேன்னாரு.

"அதுல ஊத்தினா தோசையைத் திங்கிறதா, திருடனுக்குக் காவல் இருக்கிறதா?"ன்னாரு வெள்ளையன். அப்புறம் ராசாவைப் பாத்து, "கறுப்பை எடுத்தது நீங்க. ஏத்துறதுக்கும் நீங்களே வாங்க, விடியுறதுக்கு முன்னாடி"ன்னு சொல்லிட்டுக் கல்லைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தாரு.

மறுநாள் ராசா புங்கமரத்தடிக்கு வந்தாரு, கிரீடம் இல்லாம. அடுப்புப் புகையில கண்ணு எரிய எரிய வெங்காயத்தைப் புடிச்சுத் தேய்ச்சாரு, விரலைச் சுட்டுக்கிட்டாரு, திரும்பவும் தேய்ச்சாரு. வெள்ளையன் மாவை ஊத்தினாரு. தோசை பிஞ்சுதான் வந்துச்சு.

ராசா இலையை நீட்டினாரு. "அது எனக்கு. கெடுத்தவன் நான்தானே."

வெள்ளையன் கரண்டியில இருந்த பிஞ்ச தோசையையே பாத்துக்கிட்டு நின்னாரு. முதல் தோசை இருக்கே மாப்ளே, அதை மட்டும்... எவ்வளவு யோசிச்சும் மிச்சம் வரலை.

முழுத் தோசை வர்ற நாள் வரைக்கும், பிஞ்சதுல பாதி ராசாவுக்கு, பாதி தனக்குன்னு அவர் முடிவு பண்ணினாரு.