அடைத்த அறையின் கணக்கு

"எம் பேரை அடிச்சிருங்க மேடம்."

ஞானதிரவியம் விலகல் கடிதத்தை மேசைமேல் வைத்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயது. எதிரே இருந்த ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

கட்டடத்துக்குள் காற்றும் தண்ணீரும் மின்சாரமும் போய்வரும் வழிகளைச் சொல்லித்தரும் பொறியியல் படிப்பு அது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் முதலில் ஓராண்டு அடித்தள வகுப்பில் உட்கார வேண்டும். மூன்றே மாதத்தில் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்ன குறை அண்ணாச்சி?"

"இருபது வருசமா ஏசி மாட்டுதேன். என்னைய உக்கார வச்சு நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கச் சொல்லுதீய. பயலுவ சிரிக்கானுவ."

மெஹருன்னிசா பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க ரொம்ப நல்லா முடிச்ச வேலை எது?"

அவர் யோசிக்கவே இல்லை.

"எம் மவ பியூலா ரூம். பன்னெண்டாம் வகுப்புக்குப் படிக்கட்டும்னு ஏசி மாட்டுனது. பத்தடிக்குப் பத்தடி, உயரம் ஒன்பதரை. வென்டிலேட்டரைச் சிமெண்டு வச்சு அடைச்சேன். கதவுக்கு அடியில ரப்பர் பட்டை. ஒரு பொட்டுக் குளிர் வெளிய போவாது."

சொல்லும்போதே முகம் மலர்ந்தது, பாவம்.

ஆசிரியை கடிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை அவர் முன் தள்ளினார்.

"பெருக்குங்க."

எரிச்சலோடு பெருக்கினார். அடியை மீட்டராக்கினார்.

"இருபத்தேழு கன மீட்டர்."

"உள்ளே எத்தனை பேர்?"

"அவளும் அவ அம்மையும். ராத்திரி எட்டுலருந்து காலைல ஆறு வரைக்கும்."

"ஆளுக்கு மணிக்கு முப்பது கன மீட்டர் புதுக் காத்து வேணும். ரெண்டு பேருக்கு, பத்து மணி நேரத்துக்கு மொத்தம்?"

"அறுநூறு."

"வெளியிலருந்து எவ்வளவு வந்துச்சு?"

"அதான் ஏசி ஓடுதுல்லா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கும் என்பது அவர் கைக்கு நன்றாகத் தெரியும். அதை ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"வரலை மேடம்."

ஆசிரியை மேலே கேட்கும் முன் அவரே சொன்னார்.

"படிக்க உக்காந்தாலே பியூலா தலை வலிக்குன்னுதான் இருப்பா. புஸ்தகத்து மேலயே தூங்கி விழுவா. கொழுப்புன்னு திட்டுனேன். பரீட்சையில பெயிலாயிட்டா. ஒனக்குப் படிப்பு ஏறாதுன்னு நாந்தான் மெட்ராஸ்ல ஜவுளிக்கடையில கொண்டு விட்டேன். தங்குறதும் அங்கதான். அந்த ரூமைப் பூட்டிப் போட்டுட்டோம்."

காகிதத்தின் ஒரு பக்கம் விலகல். மறுபக்கம் அறுநூறும் இருபத்தேழும்.

"எந்தப் பக்கம் கையெழுத்துப் போடட்டும்?" என்றார் ஆசிரியை மெதுவாக.

அவர் மகளுக்குப் போன் போட்டார். மறுமுனையில் கடை இரைச்சல்.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

"ஒண்ணுமில்ல தாயி. அந்தத் தலைவலி... இப்பவும் வருதா?"

பியூலா சிரித்தாள்.

"அதா? படிப்பை நிறுத்துனதும் போயிட்டுப்பா."