கோணி போர்த்திய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் சைக்கிள் ஓட்டின. சிரிக்காதீர்கள், குழந்தைகளே. நீங்கள் ஓட்டுகிற மாதிரி தார் ரோட்டில் மணியடித்துக்கொண்டு ஓட்டவில்லை. தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில், கல்லும் வேரும் சேறும் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில், நாக்குத் தள்ள மேடேறி, பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓட்டின.

மழைக்காலம் முடிந்ததும் பந்தயங்கள் தொடங்கும். மொத்தம் ஐந்து. மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மலையில். ஒரே பாதையை மூன்று சுற்று சுற்றி வரவேண்டும். முதலில் வந்தால் பத்துப் புள்ளி, அடுத்து வந்தால் எட்டு, அப்படியே குறைந்துகொண்டு போகும். ஐந்தும் முடிந்த பிறகு யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குத்தான் கோப்பை. ஆமைதான் நடுவர். அது அவசரப்பட்டு எதையும் சொல்லாது.

முள்ளம்பன்றிக்கு அந்தக் கோப்பையின் மேல் கொள்ளை ஆசை. போன வருஷம் ஒன்பதாவதாக வந்து, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பின பிறகுதான் கோட்டைத் தொட்டது. அந்த வெட்கத்தில் இந்த வருஷம் மழையிலும் சேற்றிலும் பழகியது. உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகவே உழைத்தது.

முதல் பந்தயத்தில் கொடி அசைந்ததும் முள்ளம்பன்றி முதல் மேட்டிலேயே எல்லாரையும் முந்திவிட்டது. பின்னால் வந்த காட்டுப்பன்றிக்குப் பஞ்சர். கடமானுக்குப் பஞ்சர். அதற்கும் பின்னால் வந்த நாலு பேருக்கும் பஞ்சர். நரி மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் இரண்டாவதாக வந்தது. முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது பந்தயமும் அச்சு அசலாக அப்படியே நடந்தது. முள்ளம்பன்றி முதல், நரி இரண்டாவது, மற்றவர்கள் எல்லாம் பாதை ஓரத்தில் குந்திக்கொண்டு டயருக்கு ஒட்டுப் போட்டார்கள்.

டயருக்குள்ளிருந்து எடுத்ததெல்லாம் கறுப்பாக, கூராக, நகத்தளவு நீளத்தில் இருந்தது. கருவேல முள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கட்டை வண்டி ஓட்டுகிறவர்கள் என்றால் கொஞ்சம் உற்றுப் பார்த்திருப்பார்கள். இவர்களுக்குத்தான் அடுத்த சுற்று ஓடுகிற அவசரம் ஆயிற்றே.

மூன்றாவது பந்தயத்தில், கடைசிச் சுற்றில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றியின் பின்சக்கரமே புஸ்ஸென்று இறங்கியது. முன்னும் பின்னும் யாரும் இல்லை. இறங்கிப் பார்த்தது. டயரில் ஒரு முள் முழுசாகக் குத்தி நின்றது. ஒரு சாண் நீளம். கறுப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை, நுனியில் மறுபடி கறுப்பு.

அது கருவேல முள் இல்லை; மற்றவர்கள் டயரிலிருந்து எடுத்ததெல்லாம் இதன் ஒடிந்த நுனிதான். முள்ளம்பன்றி கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவியது. அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. மேட்டில் உன்னி மிதிக்கும்போதெல்லாம் அதன் முதுகிலிருந்து முள் உதிர்ந்து பாதையில் கிடந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதன் மேல் ஏறியிருக்கிறார்கள். இரண்டு பந்தயத்தில் ஜெயித்ததும் தன் காலால் ஜெயித்ததா, முதுகால் ஜெயித்ததா என்று அதற்கே தெரியவில்லை.

அப்போதே போய் நடுவரிடம் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். வேண்டுமென்றே செய்ததில்லையே, யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் அது இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, முள்ளைப் பிடுங்கிச் சருகுக்கு அடியில் தள்ளி மூடியது. ஒட்டுப் போட்டு, காற்றடித்து, நரிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து சேர்ந்தது. நரி கைகொடுத்தபோது அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாலாவது பந்தயத்தில் முள் உதிரக்கூடாது என்று மெதுவாக மிதித்தது. ஆனால் பயந்தால் முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். பயத்தில் மற்ற நாளைவிட அதிகமாகக் கொட்டியது. செங்குத்தான இறக்கத்தில் காட்டுப்பன்றியின் முன்சக்கரம் வெடித்தது. அது மூன்று குட்டிக்கரணம் அடித்துப் பாறையில் போய் மோதியது. ஒரு கொம்புப்பல் பாதியாக உடைந்துவிட்டது. நரி முதலாவது, முள்ளம்பன்றி இரண்டாவது. இப்போது இரண்டு பேருக்கும் புள்ளி சரிசமம். கடைசிப் பந்தயத்தில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை என்று ஆகிவிட்டது.

காட்டுப்பன்றி கட்டுப்போட்ட வாயோடு பஞ்சாயத்தைக் கூட்டியது. இந்த மலைகளில் கருவேல மரமே கிடையாது, அப்படியானால் யாரோ எங்கிருந்தோ முள்ளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றது. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. யார் என்று யோசிக்கக்கூட இல்லை. எல்லார் கண்ணும் நரியின் மேல் போய் நின்றது. முள்ளம்பன்றியின் டயரில்கூட ஓர் ஒட்டு இருந்தது; நாலு பந்தயத்திலும் ஒரு பஞ்சர்கூட ஆகாதது நரி ஒன்றுதான்.

"உனக்கு மட்டும் ஏன் ஆகல?" என்று காட்டுப்பன்றி கேட்டது.

நரிக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை. அது தன் தொழில் ரகசியம். பந்தயக்காரர்கள் அதையெல்லாம் வெளியே சொல்வதில்லை. வேறு வழியில்லாமல் சொன்னது. பலாக்காயைக் கீறிப் பாலை எடுத்து, தண்ணீர் கலந்து, டயருக்குள் ஊற்றி வைத்திருக்கிறதாம். முள் குத்தினாலும் உள்ளே இருக்கும் பால் ஓட்டையில் வந்து அடைத்துக்கொள்ளுமாம். வேண்டுமானால் இப்போதே ஒரு முள்ளால் குத்திப் பாருங்கள் என்றது.

யாரும் குத்திப் பார்க்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நரி உண்மை பேசி யாரும் கேட்டதில்லை என்று கடமான் சொன்னது. கடமான் பொதுவாக யாரையும் குறை சொல்லாது. அதுவே சொன்னதும் மற்றவர்களுக்கு அது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

ஆமை மட்டும் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, முள்ளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று விசாரித்தது. முள்ளம்பன்றியின் முறை வந்தது. நரி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றது முள்ளம்பன்றி.

எனக்கு இதைச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. மூன்று வார்த்தைதான். அந்த மூன்று வார்த்தைக்கு ஒருவனுடைய ஒரு வருஷ உழைப்பு போயிற்று. நரி கடைசிப் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று ஆமை சொல்லிவிட்டது. நரி வாதாடவில்லை. தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

முள்ளம்பன்றிக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. நான் யார் பேரையும் சொல்லவில்லையே, நரியைப் பிடித்துக் கொடுத்தது நானா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்தச் சமாதானம் அரை நாழிகைகூட நிற்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. வாயைத் திறக்காமலே தப்பைச் சரிசெய்துவிடலாம். இனிமேல் முள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், யாருக்கும் பஞ்சர் ஆகாது, யாருக்கும் கஷ்டம் இல்லை. கோப்பை போனாலும் போகட்டும். இப்படி நினைத்ததும் அதற்குத் தன்னையே கொஞ்சம் பிடித்துப்போயிற்று. பாவம், அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அதற்குத் தெரியவில்லை.

கடைசிப் பந்தயத்தன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முள்ளம்பன்றி கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஒரு கோணியைச் சுற்றி, மூன்று இடத்தில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து நின்றது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குளிர் ஜுரம் என்று சொல்லிச் சமாளித்தது.

கோணிக்குள் வேர்த்துக் கொட்டியது. மேட்டில் மூச்சு முட்டியது. காட்டுப்பன்றி முந்தியது, கடமான் முந்தியது, கேளையாடு என்கிற சின்ன மானும் முந்தியது. ஒரு முள்கூடக் கீழே விழவில்லை.

பாதையின் நடுவே தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டத்தான் விடவில்லை, தண்ணீராவது ஊற்றிக் கொடுக்கலாமே என்று வந்திருக்கிறது. அது நீட்டிய குடுவையை யாரும் தொடவில்லை. அதில் எதையாவது கலந்திருக்கும் என்று பயம். முள்ளம்பன்றிக்கு மட்டும் தாகம் தாங்கவில்லை. மூன்று சுற்றிலும் நின்று வாங்கிக் குடித்தது. நரி ஒவ்வொரு தடவையும் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தது. முள்ளம்பன்றி தலையைத் தூக்காமலே குடித்துவிட்டுப் போனது.

நாலாவதாகத்தான் வந்தது. ஆனால் என்ன? நரிக்கு இந்தப் பந்தயத்தில் ஒரு புள்ளியும் கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் பழைய பஞ்சர்களால் எங்கேயோ பின்தங்கிக் கிடந்தார்கள். கூட்டிப் பார்த்தால் முள்ளம்பன்றிக்குத்தான் கோப்பை.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று நடந்தது. காட்டுப்பன்றி மேடையில் ஏறி நின்று கேட்டது.

"இன்னைக்கு யாருக்காவது பஞ்சர் ஆச்சா?"

யாருக்கும் ஆகவில்லை.

"நரி இல்ல. பஞ்சரும் இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் கைதட்டியது. இதுவரைக்கும் நரி மேல் இருந்தது வெறும் சந்தேகம். இப்போது அது நிரூபணமே ஆகிவிட்டது. யார் நிரூபித்தது? கோணியைக் கட்டிக்கொண்டு வந்த நம்ம முள்ளம்பன்றிதான். ஆமை எழுந்து, நரி இனிமேல் எந்த வருஷமும் எந்தப் பந்தயத்திலும் ஓட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு முள்ளம்பன்றியைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தது.

முள்ளம்பன்றி கோப்பையோடு இறங்கி வந்தபோது, எல்லைக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற நரி அதைக் கூப்பிட்டது. திட்டப்போகிறது என்று நினைத்து முள்ளம்பன்றி கிட்டே போனது. திட்டட்டும், திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தது.

"அண்ணே, நல்லா ஓட்டினீங்க" என்றது நரி. "எல்லாரும் என்னை வாய்க்கு வந்தபடி பேசினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை தப்பாப் பேசல. இன்னைக்கு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சதும் நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறக்க மாட்டேண்ணே."

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருக்கும், அடித்திருந்தாலும் தாங்கியிருக்கும். நன்றி சொன்னதைத் தாங்க முடியவில்லை.

திரும்பி மேடைக்கு ஓடியது. சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தது. கோணியை உருவிக் கீழே போட்டு உடம்பை ஓர் உதறு உதறியது. கோணிக்குள் சிக்கிக் கிடந்த முள் எல்லாம் மேடை முழுக்கச் சிதறியது. கறுப்பு நுனி, கறுப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் முள்ளம்பன்றி சொன்னது.

"நாலு பந்தயத்திலயும் உங்க டயரைக் குத்தினது என் முள்ளுதான். முதல் ரெண்டுல எனக்குத் தெரியாது. மூணாவதுல தெரிஞ்சுது. தெரிஞ்சும் மறைச்சேன். நடுவர் கேட்டப்போ பொய் சொன்னேன். நரி எதுவுமே செய்யல."

காட்டுப்பன்றி உடைந்த பல்லைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தது. கடமான் மெல்ல நழுவி ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பலாப்பால் ஊற்றிய டயரைக் குத்திப் பார்க்கச் சொன்னபோது சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெளியே நீட்ட அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீட்டியதும் தன் தீர்ப்பு தவறு என்று எல்லார் முன்னாலும் சொல்லி, நரியிடம் மன்னிப்புக் கேட்டது. முள்ளம்பன்றியின் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, கோப்பை நரிக்கே என்றது.

முள்ளம்பன்றி கோப்பையை எடுத்துப் போய் நரியிடம் நீட்டியது. நரி அதை வாங்கவில்லை. கோபமாகக்கூட இல்லை. பந்தயப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி மேடும், அதற்கப்பால் இறக்கமும், இன்னும் அடங்காத புழுதியும் அங்கிருந்தே தெரிந்தன.

"இதை நேத்து சொல்லியிருந்தா, இன்னைக்கு நானும் ஓட்டியிருப்பேனே அண்ணே" என்றது நரி.

முள்ளம்பன்றி கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றது. அடுத்த பந்தயத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

நீதி: தன் தவற்றை மறைத்துக்கொண்டே திருந்துகிறவன் அடுத்தவன் மேல் விழுந்த பழியைத் துடைப்பதில்லை, ஒப்புக்கொள்வதாக இருந்தால் காலம் கடக்கும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.