ஒற்றைக்கண் மயிலும் மரக்கரண்டியும்

ரொம்பக் காலத்துக்கு முன்னே, தேனாற்றுச் சீமையை மகுடேசன் என்று ஒரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் மறந்துவிடுவார். மறக்காத நாளில்தான் ஊருக்குக் கஷ்டம்.

பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி அவருக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. அந்தச் சீமையில், பத்தாம் மாசம் பிள்ளையை உட்காரவைத்து முன்னால் விளையாட்டுச் சாமான்களைப் பரப்புவார்கள். முதலில் எதை எடுக்கிறதோ அதுதான் அதன் அதிர்ஷ்டம். ராஜா சும்மா இருப்பாரா? "என் பிள்ளை எடுத்ததை எவனாவது பிடுங்கினால் அவன் கையை வெட்டிவிடுவேன்!" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

மந்திரி அம்பலவாணர் ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். சபைக்கு வரும்போதே தோளில் பால் கக்கின கறை இருக்கும். சாமான் பரப்பும் நாளன்று சபைக்கு ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்தது ஒரு பழைய மரக்கரண்டி. மந்திரி பதவிக்கு நெடுநாளாக அடி போட்டுக்கொண்டிருந்த பொக்கிஷ அதிகாரி சூரப்பர் விடுவாரா?

"என்ன மந்திரியாரே, அடுப்படியையே காலி பண்ணிவிட்டு வந்தீரா?"

சபையே சிரித்தது. சூரப்பர் பட்டுத் துணியை விலக்கினார். தங்க மயில்! ஒவ்வொரு கண்ணிலும் கொண்டைக்கடலை அளவில் ஒரு மாணிக்கம்.

மந்திரி ஓரடி முன்னால் வந்தார். "மகாராஜா, பிள்ளை எதை எடுத்தாலும் வாயில்தான் வைக்கும். அந்தக் கல்லை ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு..."

"பொறாமை, மகாராஜா!" என்றார் சூரப்பர்.

"ஆமாம், சும்மா இரும்" என்றார் ராஜாவும்.

பிள்ளை மயிலைத்தான் எடுத்தது. மேளம் கொட்டியது. மயிலின் தலையைப் பிள்ளை கடித்துச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் ராணி அலறினாள்: "ஐயோ, ஒரு கண்ணைக் காணோமே!"

விரிப்பில் தேடினார்கள், இல்லை. பிள்ளையின் இடது கன்னம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது.

"வைத்தியரைக் கூப்பிடு! ஓடு!" ராஜா கத்தினார்.

"மூச்!" என்று ராஜாவையே அதட்டினார் மந்திரி. "யாரும் கத்தாதீங்க. பயந்து மூச்சை இழுத்தால் கல் உள்ளே போயிடும்."

ராஜா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். ராணி விரலை நீட்டினாள். பிள்ளை வாயை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டது.

"விரல் விடாதீங்க தாயே, கல்லை உள்ளே தள்ளிவிட்டுடும்."

"பிடுங்கவும் கூடாதென்று நானே சட்டம் போட்டேனே, பாவி!" ராஜா கிசுகிசுத்தார்.

"சட்டம் கிடக்கட்டும். பிடுங்கினால் இளவரசர் அழுவார், அழுதால் விழுங்கிடுவார்."

மந்திரி தரையில் குப்புறப் படுத்தார். ஒரு பித்தளைத் தாம்பாளத்தை முன்னால் வைத்து, பிள்ளையைப் பார்க்காமலே, கரண்டியால் மெல்லத் தட்டினார். டங்... டங்... முகத்தில் சிரிப்பு.

"இது எனக்குத்தான். தர மாட்டேன், போ!"

பிள்ளை பார்த்தது. மயிலைக் கீழே போட்டது. நாலு காலில் தவழ்ந்து வந்து தாம்பாளத்துக்கு மேலே முகத்தை நீட்டியது. கடைவாயில் எச்சில் நூலாக இறங்கியது. மந்திரி கரண்டியைத் தன் தலையில் நிறுத்தினார். அது சறுக்கி அவர் மூக்கில் விழுந்தது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. எச்சிலோடு மாணிக்கம் தாம்பாளத்தில் விழுந்தது.

ராணி பிள்ளையை வாரிக்கொண்டாள். ராஜா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அதைக் கண்டு பிள்ளையும் வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டுச் சபைக்கே உயிர் வந்தது.

"என்னய்யா கரண்டி அது?" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என் ஏழு பிள்ளைகளும் பல் முளைக்கையில் கடித்தது, மகாராஜா. பாருங்கள், பல் தடம். இன்றுவரை ஒரு சிராய் பெயரவில்லை."

"என்ன வேண்டுமோ கேளும்!"

"அந்தக் கரண்டிதான். வீட்டில் எட்டாவது வரப்போகிறது."

அதற்குள் பிள்ளை கரண்டியை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. "பிடுங்கிப் பாருமே, கையோடு போகிறீரா பார்க்கலாம்!" என்று சிரித்த ராஜா, சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். மந்திரிக்கு நூறு மரக்கரண்டியும் ஒரு கிராமமும் கொடுத்தார்.

பிறகு சூரப்பர் பக்கம் திரும்பினார். "இனி அரண்மனைக்கு வரும் ஒவ்வொரு விளையாட்டுச் சாமானையும் முதலில் நீர்தான் ஒரு நாழிகை வாயில் வைத்துக் கடித்துக் காட்ட வேண்டும்."

அன்றுமுதல் சூரப்பர் சபையில் கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாழிகையும் மந்திரியைக் கேலி பேச அவருக்கு வாய் ஒழியவில்லை.