மூணு விசிறி கார்டும் செல்லக்கிளி யானையும்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி. ராசா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்கிற ஆள் மட்டும் கடைசி வரிசைக்குப் போகலாம். என் கதையில் உண்டு.

குருவிக்கோட்டை மருதப்ப ராயருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை வேண்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் தேர்ப்பந்தயம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அரண்மனை தாங்காது. அந்த வருசம் ஆயுத பூஜை முடிந்த மறுநாளில் இருந்து அவர் தேர் திக்கித் திக்கி ஓடியது. சேற்றில் மாட்டின வண்டி மாதிரி நாலடி போகும், நிற்கும்.

பிரதானி அகோரமூர்த்தி இதற்குத்தானே கொக்காகக் காத்திருந்தார்!

"மகாராஜா, பொட்டிக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் கார்டுதான் படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புது. உங்களுது ஏழு வருசப் பழசு, ஒத்தை விசிறி. நொடிக்கு எழுபது படம் தள்ளும், அவ்வளவுதான். என் மச்சினன்கிட்ட ஒண்ணு இருக்கு. அதுவும் ஏழு வருசம்தான், ஆனா மூணு விசிறி! நூத்தி நாப்பது தள்ளும்!"

"விலை?"

"காசா? சேச்சே! நம்ம செல்லக்கிளியைக் குடுத்தாப் போதுமாம்."

செல்லக்கிளி என்றால் கிளி இல்லை, அரண்மனை யானை. மச்சினனுக்கு மரக்கடை. வெட்டின மரம் இழுக்க ஒரு யானை வேண்டும். ராசா மீசையைத் தடவினார். "நாளைக்கு முடிச்சிருவோம்" என்றுவிட்டார்.

பாகன் இசக்கி நேரே ஓடியது விகடகவி கருக்குவேலிடம்.

"அண்ணாச்சி, என் கையால கவளம் வச்சாத்தான் அது திங்கும். மரக்கடையில ஒரு மாசம் தாங்காது அண்ணாச்சி!"

"அழாதடே. தேரு எப்ப இருந்து திக்குது?"

"பூசைக்கு மறுநாள்ல இருந்து."

"ஓகோ!" என்றான் கருக்குவேல்.

ராசா உண்ட மயக்கத்தில் குறட்டை விடும் நேரம் பார்த்து, பொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். விசயம் புரிந்தது, சிரிப்பு வந்தது. யார் செய்த வேலை என்பதும் புரிந்தது, வந்த சிரிப்பு நின்றது. ஏன் என்றால், அந்த அரண்மனையில் பூஜை அன்று வாளோ வேலோ கம்ப்யூட்டரோ, கழற்றித் துடைத்துச் சந்தனம் வைத்து மறுபடி மாட்டுவது ராசா கைதான். வேறு கை படக்கூடாது. பின்னால் இருந்த வயரில் காய்ந்த சந்தனம் அப்படியே ஒட்டியிருந்தது, ராசா மோதிரத்தின் தடத்தோடு.

'தப்பு உங்க மேலதான்' என்று ராசாவிடம் போய்ச் சொல்ல அவனுக்கு என்ன, ரெண்டு தலையா இருக்கு?

மறுநாள் சபையில் கருக்குவேல் எழுந்தான். "மகாராஜா, விசிறியை எண்ணி வாங்குறது கொம்பை எண்ணி மாடு வாங்குற மாதிரி. கறந்து பாக்கணும்லா? பொட்டியைப் பட்டால மூடுறேன். ரெண்டு ஆட்டம் ஆடுங்க. எதுல எந்தக் கார்டுன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்."

பிரதானி கொண்டுவந்த டப்பாவை வாங்கிக்கொண்டான். விசிறிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மேளக்காரரை வேறு வாசிக்கச் சொன்னான்.

முதல் ஆட்டம். தேர் வெண்ணெயில் இறங்கின கத்தியாகப் போனது! ராசா ஜெயித்தார்.

பிரதானி துள்ளினார். "இதான்! இதான் என் மச்சினன் கார்டு! பாக்கும்போதே தெரியலையா?"

ரெண்டாவது ஆட்டம். அதிலும் ராசா ஜெயித்தார்.

"ஜெயிச்சாலும் கொஞ்சம் இழுக்குதே. இது அந்த ஒத்தை விசிறி. என் கண்ணு ஏமாறாது" என்றார் பிரதானி.

கருக்குவேல் பட்டை விலக்கினான். உள்ளே ஒத்தை விசிறிதான் இருந்தது. "ரெண்டு ஆட்டமும் இதுலதான் மகாராஜா. மச்சினன் கார்டு பிரதானி ஐயா ஆசனத்துக்கு அடியில, நான் வச்ச இடத்துல, பிரிக்காத டப்பாவுக்குள்ள தூங்குது."

"மோசடி! அதையும் மாட்டிப் பாருங்க!" என்று கத்தினார் பிரதானி.

மாட்டினான். தேர் அதே ஓட்டம்தான் ஓடியது. அரண்மனை விளக்குதான் மங்கியது.

"அது கெட்டிக்காரக் கார்டுதான், நான் இல்லேங்கலை. ஆனா நம்ம திரை நொடிக்கு அறுபது படத்துக்கு மேல காட்டாது. அரைப்படிச் சொம்புல ஒரு படி ஊத்துனா, மிச்சம் தரைக்குத்தானே? தரையில ஊத்தவா யானையைக் குடுக்கணும்?"

ராசா தலையாட்டினார். "யானை இங்கேயே இருக்கட்டும். அப்ப இத்தனை நாள் ஏண்டா திக்குச்சு?"

"பின்னால திரை வயர் சொருக ரெண்டு ஓட்டை இருக்கு மகாராஜா. ஒண்ணு கார்டோடது, ஒண்ணு கார்டுக்குச் சம்பந்தம் இல்லாதது. வயர் தப்பான ஓட்டையில இருந்துச்சு. கார்டு வேலையே இல்லாமக் கிடந்துச்சு. பட்டு மூடும்போதுதான் மாத்திச் சொருகுனேன்."

ராசா எழுந்தே விட்டார். "எவன் சொருகுனான்? தப்பான ஓட்டையில சொருகுனவன் எவனா இருந்தாலும் சரி, ஒரு மாசம் யானைக் கொட்டில்ல லத்தி அள்ளணும்! இது என் ஆணை!"

"பூஜை அன்னிக்குத் தொட்டது யாருன்னு விசாரிச்சா..." என்று உற்சாகமாக ஆரம்பித்த பிரதானி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராசா மெல்லத் தன் மோதிரத்தைப் பார்த்தார். அப்புறம் கருக்குவேலைப் பார்த்தார். சொன்ன சொல்லை விழுங்கினால் ராசா இல்லை. விழுங்காவிட்டால் கையில் கூடை.

கருக்குவேல் ஒன்றும் தெரியாதவன் போல ராசாவின் ஒத்தை விசிறிக் கார்டைத் திரும்ப மாட்டினான். "விசாரணை கிடக்கட்டும் மகாராஜா. முதல்ல ஆட்டம். பாத்த உடனே கார்டை எடைபோடுற பிரதானி ஐயா இருக்கும்போது இந்த மூடன் எதுக்கு? அவரே வயரைச் சொருகட்டும்."

பிரதானி குனிந்தார். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"உசந்தது எப்பவும் மேலதான் இருக்கும்" என்று சொருகினார்.

ராசா ஆடினார். தேர் நாலடி போனது. நின்றது. திக்கியது.

ராசா சிரித்தார் பாருங்க, கிரீடம் கழன்று மடியில் விழுகிற சிரிப்பு!

கருக்குவேல் வயரை உருவினான். தோள் துண்டால் அந்தச் சந்தனத் தடத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, கீழ் ஓட்டையில் சொருகினான். அப்புறம் லத்திக்கூடையோடு ஓரத்தில் நின்ற இசக்கி பக்கம் கையை நீட்டி, கூடையை வாங்கிப் பிரதானியின் கையில் பதமாக வைத்தான்.