ஒச்சப்பன் விழுங்கிய சீவாளி

மொந்தைப்பட்டிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் தொல்லையே.

பங்குனித் திருவிழா. நாதஸ்வரம் கேட்டால்தான் அம்மன் பல்லக்கு கிளம்பும். பொழுது சாய்வதற்குள் கிளம்பாவிட்டால் அந்த வருஷம் உலா கிடையாது. வெளியூர் வித்வான் சேதுரத்தினம் குளிக்கப் போகும்போது, நாதஸ்வரத்தின் முனையில் செருகும் சீவாளியைக் கோயில் வாசலில் நின்ற உள்ளூர் ஒச்சப்பனிடம் கொடுத்தார்.

"என் கையால சீவிக் கட்டினது. வேற கிடையாது. காயவிடாதே, காத்துப் படவிடாதே."

ஒச்சப்பனை நம்பி அதுவரை கோயிலில் ஒருத்தரும் ஒரு வேலையும் கொடுத்ததில்லை. பூரித்துப்போனான். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் தண்ணீர் வெயிலில் வற்றிவிடும். வற்றாத இடம் வாய்தானே! உள்ளே போட்டு இறுக மூடிக்கொண்டான்.

வித்வான் திரும்பி வந்தார். "சீவாளி எங்கேப்பா?"

வாயைத் திறந்தால் காற்றுப் படுமே! ஒச்சப்பன் கன்னத்தைக் காட்டினான்.

"பல்வலி," என்றார் தர்மகர்த்தா வீரணன்.

"இல்ல மாமா, அம்மன் இறங்கியிருக்கா," என்றான் பல்லக்குத் தூக்கும் சங்கிலி.

உடனே ஆளுக்கு ஒரு பிடி திருநீறு அள்ளிப் பூசினார்கள். மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. பாவம், ஒச்சப்பன் அடக்கிப் பார்த்தான். சீவாளி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பதறிப்போய் மூச்சை இழுத்தான். "பேங்ங்ங்..."

"ஐயோ, என் பிழைப்பே போச்சே!" வித்வான் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"எங்கே போச்சு? உள்ளேதானே இருக்கு!" என்று வீரணன் ஆறுதல் சொன்னார். "அதான் நாதஸ்வரம் கேட்டுடுச்சே. தூக்குங்கடா பல்லக்கை!"

சங்கிலி தயங்கினான். "மூச்சை விட்டா சத்தம் வரல மாமா. இழுத்தாத்தான் வருது. சத்தம் உள்ளே போகும்போது பல்லக்கு முன்னால போகலாமா?"

வீரணன் யோசித்தார். "நியாயந்தான். எல்லாரும் பின்னாலேயே கால் எடுத்து வச்சு நடங்க."

ஊரைப் பின்பக்கமாகவே சுற்றிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. ஒச்சப்பனுக்கு ஆனந்தக் கண்ணீர்.

சங்கிலிக்கு மட்டும் முகம் வெளுத்தது. "மாமா, முன்னால நடந்தா இந்த வருஷ உலா. பின்னால நடந்தோமே, போன வருஷ உலால்ல அழிஞ்சிருக்கும்?"

"அடக் கடவுளே! அதையும் சேர்த்துச் சுத்திடுவோம். இழுடா ஒச்சப்பா!"

சுற்றினார்கள், பின்பக்கமாகத்தான். அதற்கு முந்தைய வருஷமும் போயிற்று. அதை ஈடுகட்ட இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று.

கோயில் கட்டியே நாலு வருஷந்தான் ஆகிறது. ஐந்தாவது சுற்று முடிந்ததும், இன்னும் கட்டாத கோயிலுக்குள் அம்மனை எப்படி இறக்குவது என்று தெரியாமல், கோயில் வாசலிலேயே பல்லக்கைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள்.

செங்கல் வாங்க ஆள் போயிருக்கிறது.