மடத்துக் காரின் கண்டென்சர்

பழைய கார்களில் சுண்டுவிரல் பருமனில் ஒரு தகர உருளை உண்டு. பெயர் மின்தேக்கி; மெக்கானிக் பேச்சில் கண்டென்சர். அது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தட்டும் பிளக்குக்குப் படியளக்கிறது என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் நெருப்பைப் பற்றி மனித குலம் செய்துவரும் பிழைகளில் இது சிறியதல்ல.

புண்ணியகோடியும் அப்படித்தான் நம்பினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தம்மைவிட இருபது வயது இளையவரான மங்கையர்க்கரசியைக் குருவாக ஏற்று மலைமேல் மடத்தில் சேர்ந்தவர். 'எதையும் தேக்காதே' என்பது மடத்தின் முதல் விதி. சொல்லுக்குச் சொல் பொருள் பார்ப்பவர் சும்மா இருப்பாரா? மடத்துக் காரிலிருந்த தேக்கியைக் கழற்றித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் அதே காரில் சாயப்பட்டறை முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார்கள். மடத்து ஊற்றைப் பட்டறைக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தார் அவர். குருவின் கையெழுத்து விழுந்தால் அடிவாரத்து ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

கார் இருமியது, உதறியது, பாதி வழியில் நின்றது.

மங்கையர்க்கரசி அம்மா எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். "கண்டென்சர் எங்க ஐயா?"

"நான்தாம்மா கழட்டினேன். விதின்னா விதி. காருக்கு மட்டும் விலக்கா?"

அம்மா சாவியைத் திருப்பிவிட்டு வந்தார். ஒட்டியும் பிரிந்தும் வேலை செய்யும் இரண்டு குட்டி உலோக முனைகளைத் திருப்புளியால் விலக்கினார். முனைகளுக்கு நடுவே பளிச்சென்று பொறி பறந்தது. பிளக்குகளுக்கு நெருப்புக் கொண்டுபோகும் தடித்த ஒயரைப் பிடுங்கி எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்; அதன் நுனி பொறியில்லாமல் சும்மா கிடந்தது.

"நெருப்பு எங்க பறக்குது?"

"முனையில."

"எங்க பறக்கணும்?"

"பிளக்குல."

உருளையை வாங்கிப் பூட்டிவிட்டு மறுபடி விலக்கினார். முனைகள் சத்தமில்லாமல் பிரிந்தன. தடித்த ஒயரிலிருந்து பொறி சொடுக்கிக்கொண்டு இரும்பில் பாய்ந்தது.

"அப்ப தேக்கிவச்சுக் கொடுக்கலையா?"

"தேக்க அதுக்கு ஏது நேரம்? இங்க வீணாப் பறக்க விடாது. அவ்வளவுதான்."

பட்டறை வாசலில் காவல்காரன், "சாமியாரம்மா, செருப்பை வெளிய விடு" என்றான். அம்மா விட்டார். புண்ணியகோடி அவன்மேல் பாய்ந்தார்.

உள்ளே கணக்குப்பிள்ளை நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பிச்சைக்காரங்களுக்கு இப்ப காரெல்லாம் இருக்குது" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்தார். புண்ணியகோடி கணக்குப்பிள்ளையைச் சந்திப்பிழை இல்லாமல் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்தபோது தொண்டை கட்டிவிட்டது.

"உங்களுக்கு ரோஷமே இல்லையாம்மா?" என்றார் கரகரப்பாக.

"இருக்கு ஐயா. இவங்ககிட்ட செலவழிக்க இல்ல."

கதவு திறந்தது. முதலாளி பத்திரத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். "போடுங்கம்மா. இல்லேன்னா மடத்துக்குக் கூரை இருக்காது."

புண்ணியகோடி வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

அம்மா பேனாவைத் தொடவில்லை. முதலாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"பிரிச்சுக்கோங்க. ஊத்து ஊருக்கு. போட மாட்டேன்."

அந்த வாரமே முதலாளியின் ஆட்கள் மடத்துக் கூரையைப் பிரித்தார்கள். தண்ணீர் ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.